கலெக்டர் துப்பாக்கி

பையா? வேண்டாம் சார், மேலே வைக்க வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். கனமெல்லாம் இல்லை. உள்ளே உடைகிற சாமானும் கிடையாது. உரசக் கூடாத சாமான் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் குடியாத்தமா? நான் கே.வி.குப்பத்தில் இறங்கிக்கொள்வேன். அங்கேயிருந்து ஆட்டோ. மாமனார் ஊர். டெக்சாஸிலிருந்து வருகிறேன். ஆமாம், அமெரிக்காதான். காட்பாடி ஸ்டேஷனிலேயே டாக்சி பிடித்திருக்கலாம். என் மனைவி ஜான்சியும் போனில் அப்படித்தான் கத்தினாள். ஆனால் போன வருஷம் என் சகலை இந்த ஊருக்கு பஸ்ஸில் போனாராம். மாமா அதை எனக்குப் போன் போட்டுச் சொன்னார். "சின்ன மாப்ள பஸ்ல வந்து எறங்கறாரு, மாப்ள. காட்பாடியிலருந்து நின்னுக்கினே வந்திருக்காரு. அமெரிக்காவுல இருக்கற மனுஷன், எவ்ளோ அடக்கம் பாருங்க." அதனால்தான் பஸ். ஏறியதும் நீங்கள் நகர்ந்து இடம் கொடுத்துவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. என் ராசி அப்படி.

சகலை என்றால் ஜான்சியின் தங்கை கங்காவின் வீட்டுக்காரர். நந்தகோபால். நல்ல மனிதர். நல்ல மனிதர் இல்லை என்று நான் எங்கேயாவது சொன்னேனா? யாரிடம் கேட்டாலும் நல்ல மனிதர் என்றுதான் சொல்வார்கள். அதுதான் பிரச்சினையே.

பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள் சார். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

மாமா மிலிட்டரி. ஹவில்தார் எத்திராஜ் என்றால் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். சீனாக்காரன் சண்டை முடிந்த கையோடு பட்டாளத்தில் சேர்ந்தவர். ஜான்சியில் இருந்தபோது பிறந்தவள் ஜான்சி. கங்கா பிறந்தபோது எங்கே இருந்தார் என்று கேட்காதீர்கள், ஏதோ ஆற்றங்கரை. அத்தை போன பிறகு தனியாக இருந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆறு மாத விசாவில் எங்களிடம் வரவழைத்தோம். முதல் மூன்று மாதம் என் வீடு, அடுத்த மூன்று மாதம் நந்தகோபால் வீடு. நான் மூத்த மாப்பிள்ளை, முறை அதுதானே? இரண்டு வீட்டுக்கும் காரில் அரை மணி நேரம்.

வருகிற மனிதரை எதைக் கொடுத்துச் சந்தோஷப்படுத்துவது? சட்டை போட மாட்டார், வேட்டி அங்கே கிடைக்காது. யோசித்துப் பார்த்தேன். அவர் பட்டாளத்தில் சேர்ந்தபோது கையில் கொடுத்தது பழைய த்ரீ-நாட்-த்ரீ ரைஃபிள். மரக்கட்டையும் இரும்புமாக, ஒரு சின்னப் பையன் கனம் இருக்கும். டெக்சாஸில் அதெல்லாம் கடையில் விற்கிறான் சார், நம்மூரில் மண்வெட்டி விற்கிற மாதிரி. அதில் ஒன்று வாங்கிக் கூடத்தில் வைத்தால்? குண்டு கிண்டு எதுவும் இல்லாமல், சும்மா பார்க்க.

இந்த யோசனை எனக்குத்தான் முதலில் வந்தது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ராணுவம் உபயோகித்துக் கழித்துவிட்டதை ஒர்க்‌ஷாப்பில் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, புதுக் கட்டை போட்டு, கறுப்பு பெயின்ட் அடித்துத் தருவது. ரீஃபர்பிஷ்டு என்பான். இன்னொன்று, அன்றைக்குத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருப்பது. குழலில் ஒரு நம்பர் அடித்திருப்பான். அதே நம்பர் போல்ட்டிலும் இருக்க வேண்டும், முன்மூக்கிலும் இருக்க வேண்டும். கட்டையில் அந்தக் காலத்து முத்திரைகள் இருக்கும். கறுத்துப்போன அழுக்குகூட அந்தக் காலத்து அழுக்காக இருக்க வேண்டும். அதற்கு கலெக்டர்ஸ் பீஸ் என்று பெயர். விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

நான் முதல் வகை வாங்கினேன். பணத்துக்காக இல்லை சார். இது நம் நாட்டிலேயே, இஷாப்பூரில் செய்தது. மாமா தூக்கிய அதே ஜாதி. எவனோ வெள்ளைக்காரன் சுமந்ததைவிட இதுதானே பொருத்தம்?

மாமா ஏர்போர்ட்டிலிருந்து வந்தார். கால் கழுவினார். நான் துப்பாக்கியை இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினேன். ஜான்சி போனில் படம் பிடிக்கத் தயாராக நிற்கிறாள். வாங்கினார். போல்ட்டை இழுத்தார், உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்தார், மூடினார். இஷாப்பூர் முத்திரையைக் கட்டைவிரலால் தடவினார்.

"இதத் தூக்கித் தூக்கித்தான் மாப்ள தோள்பட்டை காய்ச்சுப் போச்சு" என்றார். "பாத்தாலே வலிக்குது."

சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "காப்பி இருக்குதாம்மா?" என்றார் ஜான்சியிடம்.

அவ்வளவுதான். சரி, களைப்பு. இருபது மணி நேர விமானம். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு நந்தகோபால் வீட்டில் சாப்பாடு. போனால், கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், அதே த்ரீ-நாட்-த்ரீ! என் வீட்டுக்கு வந்து என்னுதைப் பார்த்துவிட்டுப் போன ஆறாம் நாள் சார். இங்கிலாந்தில் செய்தது, முதல் உலகப்போர்க் காலத்தது. நம்பர் எல்லாம் ஒன்று. ஒரு சர்ட்டிபிகேட் வேறு. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, என் துப்பாக்கியின் போல்ட்டில் பழைய நம்பரைக் கோடு போட்டு அழித்துவிட்டுப் புது நம்பர் போட்டிருப்பதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். "அண்ணே, உங்களுது மூணு துப்பாக்கிக்குப் பொறந்த கொழந்தை. என்னுதுக்குப் பத்துப் பொருத்தமும் இருக்கு." விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்கு வருகிற வழி முழுவதும் சிரித்துக்கொண்டேதான் வந்தேன், ஜான்சியைக் கேட்டுப் பாருங்கள்.

அங்கேதான் அந்த வார்த்தை வந்தது. மாமா கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார்.

"என்ன சின்ன மாப்ள, இவ்ளோ அழுக்கா கீது?"

"இது கலெக்டர் பீஸ், மாமா."

"கலெக்டருதா?" மாமா நிமிர்ந்துவிட்டார். "எந்த ஜில்லா கலெக்டரு?"

இந்த இடத்தில் ஒரு நேர்மையான மனிதன் என்ன செய்வான்? கலெக்டர் என்றால் அந்தக் கலெக்டர் இல்லை மாமா, சேகரித்து வைப்பவர் என்று விளக்குவான். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நந்தகோபால், "நம்ம வட ஆற்காடு ஜில்லாதான், மாமா" என்றார். கங்கா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். மாமா சிரிக்கவில்லை. "வெள்ளைக்காரக் கலெக்டரா இருக்கும்" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு, வீட்டுக்குள் போடுகிற செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுத் திரும்ப வந்து பார்த்தார். செருப்பைக் கழற்றினார் சார்.

காரில் வரும்போது நான் விளக்கினேன். கலெக்‌ஷன் செய்கிறவர் கலெக்டர் என்றேன். "வரி கலெக்‌ஷன்தானே மாப்ள, அவருதான" என்றார். விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த வீட்டுத் துப்பாக்கியைப் பற்றியே பேச்சு. "அந்தக் கட்டை வால்நட் மரம், மாப்ள." "அந்தக் கலெக்டருக்கு எடது தோளா வலது தோளான்னு அடிக்கட்டைத் தேய்மானத்தப் பாத்தாத் தெரியும்." என் துப்பாக்கி அவர் நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்கிறது. அதன்மேல் துண்டைக் காயப்போட்டார் ஒருநாள்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில்தான் எப்போதும். ஹூஸ்டனில் மற்றவர்கள் எல்லாம் லேப்டாப்புக்கும் காருக்கும் பொட்டு வைக்கிறார்கள், இந்த வருஷம் நிஜமான ஆயுதத்துக்கே வைப்போம் என்று கங்காதான் சொன்னாள். நந்தகோபாலுக்கு முதல் நாள் முழுவதும் ஆபீஸ். அதனால் இரண்டு நாள் முன்னாலேயே துப்பாக்கியைக் கண்ணாடிப் பெட்டியோடு கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். வாசலில் நின்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "அண்ணே, அப்படியே வெச்சிருங்க. தொடைக்கக்கூட வேணாம். அந்த அழுக்கத் தொட்டா வெலையே போச்சு. பொட்டுகூட பெட்டி மேல வெச்சுக்கலாம்."

சரி என்றேன். நான் தொடவில்லை. இன்றைக்கும் சத்தியம் செய்வேன், நான் தொடவே இல்லை.

பூஜைக்கு முதல் நாள் வீட்டில் எல்லாவற்றையும் துடைக்கிறோம். அரிவாள்மணை, கத்தி, டிரில்லிங் மெஷின், எல்லாம். மாமா எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பெட்டிக்கு முன்னால் நின்றார்.

"இதத் தொடைக்கலியா?"

"அது அப்படியே இருக்கட்டும்னு சொல்லியிருக்காரு, மாமா."

"அழுக்கு ஆயுதத்துக்கா பொட்டு வெப்பாங்க?" குரலே மாறிவிட்டது. "எங்க கம்பெனியில கொழாய்க்குள்ள ஒரு தூசி இருந்தாப் போதும், பிட்டு குடுப்பான். முதுவுல மூட்டையக் கட்டி மலைமேல ஓடவுடுவான். கலெக்டரு துப்பாக்கிய இப்படி வெச்சிருந்தா, அந்த ஆத்மா என்ன நெனைக்கும்?"

நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம் என்கிறீர்களா? எண்பது வயதுப் பெரியவர் சார். எதிர்த்துப் பேசுவதா? அந்த வளர்ப்பு எனக்கு இல்லை.

வெயிலில் பாயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "மாப்ள, சிந்தி குடுங்க" என்றார். சிந்திக்காரர் யாரையோ கூப்பிடச் சொல்கிறார் என்று நினைத்து விழித்தேன். பட்டாளத்தில் துப்பாக்கி துடைக்கிற துணிக்குச் சிந்தி என்று பெயராம். பழைய பனியன் எடுத்துவரப் போனேன். அதற்குள் அவர் கட்டியிருந்த வேட்டியின் ஓரத்தையே சர்ரென்று கிழித்துவிட்டார். குடியாத்தம் வேட்டி. பித்தளைத் தகட்டுக்குப் புளி. இரும்புக்குப் பாத்திரம் தேய்க்கிற பச்சை நார். கட்டைக்கு உப்புத்தாள் இருக்கிறதா என்றார். கராஜில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். கொஞ்சம் கரடுமுரடான தாள்தான். மெல்லிசானதும் அங்கே இருந்தது, ஆனால் அது வேறு அலமாரியில் இருந்தது.

காலையில் உட்கார்ந்தவர் விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டைப் பாய்க்கே கொண்டு போனாள் ஜான்சி. அத்தை போன பிறகு பாடாத மனிதர், ஏதோ ஹிந்திப் பாட்டைப் பாடிக்கொண்டு தேய்க்கிறார். முத்திரை ஒவ்வொன்றாகப் போகிறது. நூறு வருஷத்துக் கறுப்பு கரைந்து பாயில் வழிகிறது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எவ்வளவு வேதனையாக இருந்தது தெரியுமா? ஜான்சி வந்து, "எதுக்கு விசிலடிக்கறீங்க?" என்று கேட்டாள். நான் விசிலடிக்கவில்லை. காற்றாக இருக்கும்.

ஒரு தடவை வெளியே போய், "மாமா, என்னுதையும் கொஞ்சம்..." என்றேன். என் துப்பாக்கியை ஒரு பார்வை பார்த்தார். பெயின்ட் பளபளவென்று இருக்கிறது.

"உங்களுது சுத்தமா கீது மாப்ள. கை வெக்க ஒண்ணுமில்ல."

கை வைக்க ஒன்றும் இல்லை. கவனித்தீர்களா சார் அந்த வார்த்தையை? பாராட்டுத்தான். பாராட்டுத்தானே?

மறுநாள் காலை நந்தகோபால் வந்தார். நான் வாசலிலேயே நின்றிருந்தேன், தபால் பெட்டியைச் சரி பார்ப்பதற்காக. உள்ளே வந்தார். பூஜை மேடையில், சந்தனமும் குங்குமமும் வைத்து, புதுக் கல்யாணப் பெண் மாதிரி மின்னுகிறது அவருடைய கலெக்டர்ஸ் பீஸ். நேற்று மரக்கடையில் வாங்கியது மாதிரி மஞ்சளாக இருக்கிறது கட்டை. அவர் முகத்தைப் பார்த்தேன். ரத்தமே இல்லை. முத்திரை இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கையை விரித்தேன்.

இப்போது வெடிக்கும் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் வெடிப்பார்கள். நீங்கள் வெடிப்பீர்கள், நான் வெடிப்பேன்.

அந்த நேரம் மாமா உள்ளேயிருந்து வந்தார். கிழிந்த ஓரம் தொங்குகிற அதே வேட்டி. துப்பாக்கியை எடுத்தார், போல்ட்டைத் திறந்தார், குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்றுகொண்டு குழலை நந்தகோபால் முகத்துக்கு நேராகச் சாய்த்துக் காட்டினார். பட்டாளத்தில் ஆபீசர் வந்து பார்ப்பாராம், அந்த நிலை. எண்பது வயதில் அந்தக் கனத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறார், எவ்வளவு நேரம் தாங்கும்?

நந்தகோபால் அவரையே பார்த்தார். பிறகு குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குழலுக்குள் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"சாஃப் ஹை, ஹவில்தார் சாப்" என்றார்.

சுத்தமாக இருக்கிறது, அவ்வளவுதான் அர்த்தம். அந்த ஆள் புனேயில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவர், ஹிந்தி வரும். எனக்கு வராது. பி.எச்.டி. வரை படித்திருக்கிறேன், இந்த ஒரு பாஷை இல்லை.

மாமா துப்பாக்கியை இறக்கினார். வாய் கோணிக்கொண்டு போயிற்று. அத்தையைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அழாத மனிதர் சார். நந்தகோபால் அப்படியே அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நடுவில் துப்பாக்கி, சட்டை முழுவதும் சந்தனம். ஜான்சி அழுகிறாள், கங்கா அழுகிறாள். சுண்டல் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன்.

அடுத்த வாரமே மாமா நந்தகோபால் வீட்டுக்குப் போய்விட்டார். என் மூன்று மாதத்தில் இன்னும் ஒரு மாதம் பாக்கி இருந்தது. "அந்தக் கட்டைக்கு எண்ணெய் குடுத்துக்கினே இருக்கணும் மாப்ள, இல்லன்னா வெடிச்சிடும்" என்றார். எண்ணெய் கொடுப்பதற்காக ஒரு மனிதர் வீடு மாறுவாரா?

அப்புறம் நந்தகோபால் அதை ஒரு கடைக்காரனிடம் காட்டினாராம். இப்போது அதற்கு என் துப்பாக்கி விலைகூட வராது என்று சொல்லிவிட்டானாம். கங்கா சொன்னாள். உடனே போன் போட்டு ஆறுதல் சொன்னேன். "விக்கறதா இருந்தாத்தானே அண்ணே" என்று சிரிக்கிறார். அந்தக் கண்ணாடிப் பெட்டியில் இப்போது என்ன வைத்திருக்கிறார் தெரியுமா? துப்பாக்கியோடு கூட, அந்தச் சிந்தி. வேட்டியிலிருந்து கிழித்த அழுக்குத் துணி. அதற்குச் சின்னதாக ஒரு சட்டம் போட்டு! வருகிறவர்களிடம் எல்லாம் அதைத்தான் முதலில் காட்டுகிறார்.

நந்தகோபாலுக்கு அப்பா இருக்கிறார் சார். திண்டிவனத்தில், கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். ஆளுக்கு ஒருவர் போதாதா? எனக்கு நான் ஏழாவது படிக்கும்போதே போய்விட்டார். அதை விடுங்கள், அதற்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்.

இது லத்தேரியா? தாண்டிவிட்டோமா? சரி.

நான் என் துப்பாக்கியை எடுத்துக் கராஜில், வாஷிங் மெஷின் பக்கத்தில் வைத்தேன். ஹூஸ்டன் ஈரத்துக்குப் பூட்டுகூடத் துருப்பிடிக்கும். அடுத்த தடவை மாமா வரும்போது கொஞ்சம் துரு இருக்கட்டுமே என்று. ஒரு வருஷம் வைத்தேன். ஒரு புள்ளி துரு இல்லை. இஷாப்பூர் பெயின்ட் சார்! நம் நாட்டில் எதற்குத்தான் ஒழுங்காக பெயின்ட் அடித்திருக்கிறான், இதற்குப் போய் அப்படி அடித்திருக்கிறான். உப்புத்தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

இப்போது மாமாவால் வர முடியாது. ஒரு கண்ணில் பார்வை போய்விட்டதாம், மறு கண்ணும் மங்கலாம், விமானம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் நான் போகிறேன்.

காட்டட்டுமா? யாரிடமும் காட்டவில்லை. ஜான்சிக்கே தெரியாது. இதோ. இந்தத் துணியைப் பிரியுங்கள், மெதுவாக. பித்தளைக் குப்பி. துப்பாக்கியின் அடிக்கட்டையில் ஒரு பொந்து உண்டு, அதற்குள் இந்தக் குப்பியில் எண்ணெய் ஊற்றி வைத்திருப்பார்கள். என் துப்பாக்கியில் பெயின்ட் படாத ஒரே சாமான் இதுதான். வினிகரில் ஊறப்போட்டேன், உப்பில் புதைத்தேன். முதலில் கறுத்தது. அப்புறம்தான் இந்தப் பச்சை வந்தது. நன்றாகக் களிம்பேறியிருக்கிறது இல்லையா? அவருக்குக் கண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, விரலில் தட்டுப்படும். "என்ன மாப்ள இவ்ளோ அழுக்கா கீது" என்று ஒரு வார்த்தை கேட்டாரென்றால் போதும். வீட்டில் புளி இருக்கும். வேட்டி கட்டியிருப்பார். நான் ஹிந்தியில் அந்த வார்த்தையை எழுதி வைத்துப் படித்திருக்கிறேன். சாஃப் ஹை. சரியாக வருகிறதா? சாஃப் ஹை.

கே.வி.குப்பம் வந்துவிட்டதா? ஒரு நிமிஷம், இதைக் கொஞ்சம் பிடியுங்கள், பையை மூடிக்கொள்கிறேன். செருப்பு ஒன்று சீட்டுக்கு அடியில் போய்விட்டது. சாப்பிட்டுவிட்டுப் போகலாம், வாருங்களேன். இல்லையா, சரி. கண்டக்டர், ஆள் இறங்கணும்! கொடுங்கள் சா...

சார். சார், என்ன செய்கிறீர்கள்? கைக்குட்டையை உள்ளே வையுங்கள். ஐயோ, துடைக்காதீர்கள் சார்! கையில் ஒட்டினால் ஒட்டட்டும், அப்புறம் கழுவிக்கொள்ளலாம். கொடுங்கள் இப்படி.

போச்சு. மூடிப் பக்கம் முழுவதும் மின்னுகிறது.

பரவாயில்லை. உங்களுக்கு என்ன தெரியும், பாவம், உதவியாகத்தான் செய்தீர்கள். இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது, பாருங்கள். இது போதும். இந்தப் பக்கத்தை அவர் கையில் வைக்கிறேன்.